யன்னல்சீலை போட்ட படம்

தம்பி, அந்தச் சீலையில கை வைக்காதேங்கோ.

ஓம், உங்களுக்குத்தான் சொல்லுறன். தமிழெண்டு எப்பிடித் தெரியுமெண்டோ? இப்ப உள்ள போன உங்கட மனுசிக்கு, "பயப்படாத, நான் இங்கயேதான் இருப்பேன்" எண்டு சொன்னனீங்கள் எல்லே, அது காதில விழுந்தது. இந்த டவுனில அப்பிடி ஒரு வசனம் கேட்டு எத்தினை மாசம்! கோவிக்காதேங்கோ, கொஞ்சம் சத்தம் போட்டிட்டன். சத்தம் போடுறதுதான் எனக்கு இஞ்ச தந்திருக்கிற வேலை. சட்டையில எழுதியிருக்குப் பாருங்கோ, செக்குரிட்டி.

இருங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ. ஸ்கான் எடுக்க முக்கால் மணித்தியாலம் ஆகும். முதல் அவவைத் தனிய விட்டு அளந்துபோட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் காட்டுவினம். எத்தினை தகப்பன்மார் இஞ்ச இருந்து நகம் கடிச்சதை நான் பாத்திருக்கிறன்.

சீலைக்குப் பின்னால என்ன இருக்கெண்டோ? படம். சுவர் முழுக்க, ரண்டு ஆள் நீளம். இந்த நாட்டு ஆதிக்குடிச் சனம் கீறின படம். அதில முக்கால்வாசி ஒரு மனுசி கீறினது. அவ செத்துப்போனா. அதாலதான் சீலை. அவ்வளவுதான் கதை.

அவ்வளவுதான் எண்டிட்டு நான் போய் வாசலில நிக்கலாம். ஆனா எனக்கு ஒரு நியாயம் கேக்க வேணும் தம்பி. ஒரு தமிழ் ஆளிட்டக் கேக்க வேணும். வெள்ளைக்காரரிட்டக் கேட்டா, "பரவாயில்லை பரா, நீ நல்லதை நினைச்சுத்தானே செய்தனீ" எண்டு முதுகில தட்டிப்போட்டு, அடுத்த நாள் கடிதம் எழுதித் தருவாங்கள். நீங்கள் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ. நான் செய்தது பிழையோ?

என்ர பேர் பரஞ்சோதி. இவங்கள் வெட்டிக் கொத்திப் பரா ஆக்கிப்போட்டாங்கள். பருத்தித்துறைப் பக்கம். வள்ளத்தில வந்து பதின்மூண்டு வருசம். முகாமால வெளிய விட்ட நாள் தொட்டு ஆறு மாச விசா. ஆறு மாசம் முடிய இன்னொரு ஆறு மாசம். பதின்மூண்டு வருசத்தையும் ஆறு ஆறாத் துண்டு போட்டுத் தந்திருக்கிறாங்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம், இந்த நாட்டுக்குள்ள எங்கயும் போகலாம். பஸ்ஸில ஏறினா ரண்டு நாள் ஓடலாம், அவ்வளவு பெரிய நாடு. கடலைத் தாண்டினா மட்டும் திரும்பி வரேலாது. கட்டின மாட்டுக்குக் கயிறு நீளம், அதுதான் வித்தியாசம்.

கலியாணம் பேசி வச்சிட்டு வந்தனான். ரண்டு வருசத்தில கூப்பிடுறன் எண்டு சொன்னனான். அவ பாத்தா, பாத்தா, இப்ப கனடாவில ரண்டு பிள்ளையோட இருக்கிறா. அவவில பிழை இல்லை. அது வேற கதை.

அன்ரியின்ர கதைக்கு வாறன். அன்ரி எண்டுதான் சொல்லுவன். இந்தச் சனமும் மூத்த மனுசியளை அன்ரி எண்டுதான் கூப்பிடும், எங்கட ஆக்கள் மாதிரியே. வயசு அறுபத்திரண்டோ மூண்டோ. சிறுநீரகம் ரண்டும் போச்சு. திங்கள், புதன், வெள்ளி, கிழமைக்கு மூண்டு நாள், அஞ்சு மணித்தியாலம் மெசினில இருக்க வேணும். அந்தா, அந்த நீலக் கதவுக்குப் பின்னால. கையில ரண்டு ஊசி குத்தி, இரத்தத்தை வெளிய எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி விடுறது. அவவின்ர ஊர் இஞ்சயிருந்து எழுநூறு கிலோமீற்றர். அங்க மெசின் இல்லை. அதால ஒன்பது வருசமா இஞ்ச, ஒரு வாடகை வீட்டில.

முதல் நாளே சண்டை. வாசலுக்கு நேர நிண்டு சிகரெட் பத்துறா. "இஞ்ச பத்தேலாது, தள்ளிப் போங்கோ" எண்டன். இங்கிலீசிலதான், நான் எங்கட பாசையில சொல்லுறன். என்னை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு பார்வை பாத்தா.

"நீ இந்த ஊரோ?" எண்டா.

"இல்லை."

"நானும் இல்லை. இந்த வாசலும் இந்த ஊர் இல்லை, எங்கயோ இருந்து கொண்டந்து பூட்டினது. பிறகேன் எங்களுக்குள்ள சண்டை?"

சொல்லிப்போட்டு ஆறுதலா முழுக்கப் பத்தி முடிச்சு, மிச்சக் கட்டையை என்ர கையில தந்தா. நானும் வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில போட்டன். ஏன் வாங்கினன் எண்டு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.

பிறகு ஒவ்வொரு நாளும் மெசின் முடிய, வான் வரும்வரைக்கும் என்ர கதிரையில வந்து இருப்பா. என்ர கதிரை! நான் பக்கத்தில நிப்பன். ஒருநாள் கேட்டன், ஊருக்குப் போறதில்லையோ எண்டு.

"வெள்ளி மெசின் முடிய வெளிக்கிட்டா ஞாயிறு திரும்ப வேணும். ஆத்தில காலை வைக்க முதல் வாகனத்தில ஏத்திப்போடுவாங்கள். நீ? உன்ர ஊருக்கு?"

"எனக்குப் போகேலாது."

"உன்னை எந்த மெசினில கட்டியிருக்கு?"

நான் பொக்கற்றுக்க இருந்த விசாக் கடிதத்தை எடுத்துக் காட்டினன். கண்ணாடியை மூக்கு நுனியில வச்சு முழுக்க வாசிச்சா. வாசிச்சுப்போட்டு மடிச்சு என்ர பொக்கற்றுக்கயே வச்சு, மேல ஒரு தட்டுத் தட்டினா. "உன்ர மெசினைக் கடதாசியில செய்திருக்கிறாங்கள்" எண்டா. சிரிக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை.

அதுக்குப் பிறகுதான் இந்தப் படம் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டது. முன் மண்டபத்துக்குப் பெரிய படம் வேணும், உங்கட சனம் எப்பிடி வருத்தத்தைச் சுகப்படுத்தும், எப்பிடிச் சேர்ந்து இருக்கும், அதைக் கீறித் தாங்கோ எண்டு. மெசின் இல்லாத நாளான வியாழனில, இந்தக் கொறிடோர் முடிவில இருக்கிற அறையில, அன்ரியும் இன்னும் நாலைஞ்சு பெம்பிளையளும் கூடுவினம். துணியை விரிச்சுச் சட்டத்தில இழுத்து அடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டுது. அன்ரி மண்டபத்துக்கு வந்து கையால கூப்பிட்டா. "மற்றத் தலைப்பைப் பிடி" எண்டா. பிடிச்சன். அவ்வளவுதான் நான் செய்தது, மற்றத் தலைப்பைப் பிடிச்சது. அண்டையில இருந்து என்ர வியாழன் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அந்த அறையிலதான்.

எனக்கென்ன படமும் மயிரும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா அங்க தேத்தண்ணி இருந்தது, சிரிப்பு இருந்தது. "பரா, நீ சாப்பிட்டனியோ" எண்டு கேக்க ஆள் இருந்தது. மாசம் ஒருக்கா என்ர கேஸ் நம்பரைக் கேக்கிற ஆக்கள்தான் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள், பாருங்கோ.

படத்தின்ர நடுவில வட்டத்துக்குள்ள வட்டம். அது தண்ணி இருக்கிற இடம். அதில இருந்து ஆறு வளைஞ்சு போகுது. அரை வட்டம் போட்டா ஒரு ஆள் குந்தி இருக்கிறார் எண்டு அர்த்தம், மண்ணில இருந்து எழும்பின தடம் மாதிரி. தண்ணியைச் சுத்தி அப்பிடி நிறைய ஆக்கள். ஆத்தங்கரையில மருந்துச் செடிப் பத்தையள், கண்ணுக்கு ஒண்டு, புண்ணுக்கு ஒண்டு, நெஞ்சுச் சளிக்கு ஒண்டு. மற்றச் சில கோடுகள் என்னெண்டு கேட்டா, "அது உனக்கு இல்லை" எண்டுவா. முகத்துக்கு நேர சொல்லுவா. எனக்குப் புள்ளி வைக்க மட்டும் உத்தரவு, அதுவும் ஒரு மூலையில மட்டும். நான் எங்கட கோலம் மாதிரி வரிசையா, அளந்து வச்சன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். "பொலிசுக்காரன் வச்ச புள்ளி" எண்டா அன்ரி. அதை அழிக்கவும் விடேல்லை. உங்களுக்குச் சீலையைத் தூக்கிக் காட்டேலாது, காட்டினா அந்தக் கீழ் மூலையில பாக்கலாம், லைன் பிடிச்ச மாதிரி நிக்கும்.

இனித்தான் விசயம்.

போன வருசம் பங்குனியில அம்மா செத்துப்போனா. நான் கடைசிப் பிள்ளை தம்பி. உங்கட பக்கமும் அப்பிடித்தானே, தாய்க்குக் கொள்ளி வைக்கிறது கடைசிப் பிள்ளை. என்ர பெரியண்ணையின்ர மகன் வச்சான். நான் பாத்தனான். இந்தா, இந்த ஃபோனிலதான் பாத்தனான். இடையில நெட்வேர்க் போச்சு. திருப்பி வரேக்க புகைதான் தெரிஞ்சது.

அண்டைக்கும் வேலைக்கு வந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லி என்ன, சொன்னா ஒரு நாள் லீவு தருவாங்கள். அந்த ஒரு நாளை வச்சுக்கொண்டு அறையில என்ன செய்யிறது? வியாழன் அந்த மேசைக்குப் போனன். புள்ளி வச்சன். அன்ரி வந்து என்ர புள்ளியைக் குனிஞ்சு பாத்தா.

"பொலிசுக்காரா, உன்ர லைன் எங்க?" எண்டா.

பாத்தா, புள்ளியெல்லாம் சிதறிப்போய்க் கிடக்கு. "அம்மா" எண்டு மட்டும் சொன்னன். அவ அய்யோ எண்டு சொல்லேல்லை, கட்டிப்பிடிக்கேல்லை. எழும்பிப்போய்த் தன்ர பைக்குள்ள இருந்து ஏதோ காஞ்ச இலையை எடுத்தா. ஊரில இருந்து ஆரோ கொண்டந்து குடுத்தது. பெரிய கோப்பையில சுடுதண்ணி விட்டு, இலையைக் கசக்கிப் போட்டு, எனக்கு முன்னால வச்சா. ஆஸ்பத்திரித் துவாய் ஒண்டை எடுத்து என்ர தலையில போட்டா. எங்கட அம்மா வேது பிடிக்க வைக்கிற மாதிரியே தம்பி. அதே மாதிரி.

"எனக்குச் சளி, தடிமன் ஒண்டும் இல்லை" எண்டன்.

"இருக்கு" எண்டா.

துவாய்க்குள்ள இருந்தன். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. நான் குளறினது வெளிய கேட்டிருக்கும். ஆனா அந்தப் பெம்பிளையள் ஒண்டும் நடக்காத மாதிரித் தங்கட பாட்டில கதைச்சுக்கொண்டு கீறிக்கொண்டிருந்தினம். தண்ணி ஆறினாப் பிறகுதான் துவாயை எடுத்தா. "இப்ப போயிட்டுது" எண்டா. தடிமனைச் சொன்னாவோ எதைச் சொன்னாவோ. அந்த இலையில நல்ல சத்து இருந்திருக்கு, எனக்கு மூக்கெல்லாம் விட்டிட்டுது.

அடுத்த வியாழன் அவவோட எனக்கு மனவருத்தம். ஏனெண்டு கேளுங்கோ. படத்தில என்னையும் போட்டிருந்தா. அரை வட்டம். சந்தோசம்தான், ஆனா எங்க போட்டா? தண்ணியைச் சுத்தி எல்லாரும் உள்ளுக்குப் பாத்துக்கொண்டு இருக்கினம். நான் மட்டும் கடைசி ஓரத்தில, தனிய, முதுகைக் காட்டிக்கொண்டு வெளியப் பாத்தபடி. "இது நீ" எண்டா. பெரிய சந்தோசத்தோட சொல்லுறா! எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? இந்த நாடுதான் என்னை ஓரத்தில வச்சிருக்கெண்டா, படத்திலயுமோ? ரண்டு வியாழன் போகேல்லை. மூண்டாம் வியாழன் பசிச்சுது, போனன்.

படம் முடிஞ்சு இந்தச் சுவரில மாட்டிச்சினம். பெரிய விழா. பக்கத்தில ஒரு ஸ்ராண்ட் வச்சு, அதில அன்ரியின்ர ஃபோட்டோவையும் பேரையும் இவ்வளவு பெரிசாப் போட்டது ஆஸ்பத்திரி. நான் இல்லை, ஆஸ்பத்திரி. அதை ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ.

பிறகு ஒரு திங்கட்கிழமை. வான் வந்தது, மற்றவை இறங்கிச்சினம், அவ இறங்கேல்லை. ஞாயிறு இரவு நித்திரையில போயிட்டாவாம். நீலக் கதவுக்கார நேர்ஸ் பெட்டை பின்னேரம் வான் போனாப் பிறகு வந்து சொன்னவள், வானில வந்த சனத்துக்கும் அதுவரைக்கும் தெரியாது. நான் என்ர கதிரையைப் பாத்துக்கொண்டு நிண்டன். அதில நான் இருக்கேல்லை அண்டைக்கு.

இனி நீங்கள் சொல்லுங்கோ தம்பி. உங்கட வீட்டில ஒரு ஆள் போனா என்ன செய்வியள்? படம் வைப்பியள். மாலை போடுவியள். பேரை ஊரெல்லாம் ஒட்டுவியள். அதுதானே மரியாதை? எங்கட ஊரில ஒரு ஆள் செத்தா, லைற்போஸ்ட் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. முப்பத்தோராம் நாளுக்கு, பரம்பரையையே எழுதிக் கல்வெட்டு எண்டு புத்தகம் அடிச்சுக் குடுப்பம். பேரும் படமும் இல்லாமல் ஒரு ஆள் போறதெண்டா அது நாய் செத்த மாதிரி எல்லோ?

நான் செய்தன். ஒருத்தரும் செய்யேல்லை, நான் செய்தன். கடையில இருந்த வெள்ளைச் செவ்வந்தி, மஞ்சள் செவ்வந்தி எல்லாத்தையும் வாங்கினன். நூல் இல்லை, பல்லுக்கு இழுக்கிற நூலை ஊசியில கோத்துக் கட்டினன். ஆறடி மாலை. லைப்ரரியில போய்ப் பெரிய கடதாசியில அடிச்சன். மேல "கண்ணீர் அஞ்சலி" தமிழில, கீழ இங்கிலீசில, ரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில அவவின்ர முகம், அவவின்ர முழுப் பேர் கொட்டை எழுத்தில. "துயருறும் பரஞ்சோதி" எண்டு அடியில. செவ்வாய் பின்னேரம் மாலையை அந்த ஸ்ராண்டுக்குப் போட்டு, பற்றரி விளக்கு ஒண்டு கொளுத்தி வச்சன். நோட்டீஸை வாசலில ஒண்டு, லிஃப்ட்டில ஒண்டு, தேத்தண்ணிக் கடையில ஒண்டு, அந்த நீலக் கதவில ஒண்டு. ஒட்டி முடிச்சுத் தள்ளி நிண்டு பாத்தன். வடிவா இருந்தது. ஒரு மனுசிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டன் எண்டு, உண்மையாச் சொல்லுறன், ஒரு வருசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் நல்லாச் சாப்பிட்டனான்.

புதன்கிழமை காலமை வான் வந்தது. முதல் இறங்கினது அன்ரியின்ர சொந்தக்காரக் கிழவர் ஒருத்தர், அவருக்கும் மெசின்தான். கண்ணாடிக் கதவு திறந்தது. ஸ்ராண்டைப் பாத்தார். கையால கண்ணைப் பொத்திக்கொண்டு அப்பிடியே திரும்பினார். பின்னால வந்த பெம்பிளை ஒரு சத்தம் போட்டா பாருங்கோ, அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் காதுக்க நிக்குது. மூண்டு பேர். மூண்டு பேரும் திருப்பி வானில ஏறிச்சினம். உள்ள வரமாட்டம் எண்டிட்டினம். மெசின் இல்லாமலே போயிட்டினம்.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏதோ சோகம் தாங்கேலாமல் போயினம் எண்டு நினைச்சன். அவையள் அழுகிறதைப் பாத்து நான் என்ன நினைச்சன் தெரியுமோ? மாலை நல்ல வடிவா இருக்குப் போல எண்டு நினைச்சன்.

பிறகுதான் மனேச்சர், ஹெதர் எண்டு ஒரு மனுசி, ஓடி வந்து சொன்னா. அவையின்ர வழக்கமாம். ஆள் செத்தா அந்தப் பேரைச் சொல்லக் கூடாது. ஃபோட்டோவையோ, அவை கீறினதையோ காட்டக் கூடாது. குடும்பம் சொல்லும்வரைக்கும் மூடி வைக்க வேணும். மாசமோ, வருசமோ. நான் என்ன செய்திருக்கிறன்? எதைச் செய்யக் கூடாதோ அதை நாலு இடத்தில ஒட்டி, மாலையும் போட்டு, லைற்றும் பத்த வச்சிருக்கிறன்.

வியாழன் அந்தக் கிழவரை அம்புலன்சில கொண்டந்தாங்கள். மூச்சுத் திணறல். உடம்பு முழுக்கத் தண்ணி. பின் வாசலால கொண்டுபோய் மெசினில போட்டுக் காப்பாத்திச்சினம். தப்பிட்டார், இண்டைக்கும் வந்தவர், நீங்கள் கண்டிருப்பியள், சிவப்புத் தொப்பி. அண்டைக்கு அவர் போயிருந்தா என்ன செய்திருப்பன்? எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

ஆனா ஒண்டு கேக்கிறன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! ஆஸ்பத்திரி வச்ச ஸ்ராண்ட் திங்கள், செவ்வாய் ரண்டு நாளும் அப்பிடியே நிண்டதுதானே? அதை ஒருத்தரும் மூடேல்லையே? ஹெதரிட்டக் கேட்டன். "அதைப் பிறகு கதைப்பம்" எண்டா. பிறகு ஒருக்காலும் கதைக்கேல்லை. எனக்குக் கடிதம் தந்து பின் வாசலுக்கு மாத்தினா.

பின் வாசல் எண்டா குப்பைப் பெட்டியும் அழுக்குத் துணி லொறியும் வாற இடம். ஒரு கொட்டில், ஒரு கதிரை, கம்பி வேலி. முகாமில வச்சிருந்தவங்கள் முதல் வருசம், அதே மாதிரிக் கம்பி. வியாழன் வரும், நான் கொட்டிலுக்கயே பாண் துண்டைத் தின்னுவன். மேசைக்குப் போக முகம் இல்லை. காலமை வேலை தொடங்க முதல் அம்மாவின்ர செத்தவீட்டு வீடியோவைப் பாப்பன். அது பழக்கம், ஒவ்வொரு நாளும். பாத்துப்போட்டு அவவின்ர பேரைச் சொல்லி ஒருக்காக் கூப்பிடுவன். பைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ. தூரத்தில இருக்கிறவன் வேற என்ன செய்யிறது?

ஆறு கிழமை கழிச்சு கேலீன் வந்தா. அன்ரியின்ர பெறாமகள், தங்கச்சியின்ர பிள்ளை, வியாழன் மேசையில எனக்குப் பக்கத்தில இருக்கிறவ, நல்ல வாய்க்காரி. அண்டைக்குச் சிரிப்பு இல்லை. கொட்டிலுக்கு வெளிய நிண்டா.

"ஏன் அப்பிடிச் செய்தனீ?"

"எங்கட ஊரில அதுதான் மரியாதை."

"உன்ர அம்மாவுக்கும் அப்பிடி மாலை போட்டனியோ?"

"நான் எங்க போட்டது? நான் இஞ்ச எல்லோ நிண்டனான்!" எண்டு கத்திப்போட்டன். அவ அசையேல்லை. எனக்கு வாய் நிக்கேல்லை. வீடியோ பாக்கிறதை, பேர் சொல்லிக் கூப்பிடுறதை, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். ஏன் சொன்னனெண்டு தெரியாது, அந்தக் குடும்பத்துக்கு முன்னால எனக்கு வாய் நிக்காது.

கேலீன் கொட்டில் வாசலுக்குக் கிட்ட வந்தா. பிறகு சொன்னா, "ஏன் நாங்கள் பேர் சொல்லுறேல்லைத் தெரியுமோ? போறவை போக வேணும். கூப்பிட்டா திரும்பிப் பாப்பினம். உன்ர அம்மா ஒரு வருசமாப் போக வெளிக்கிட்டு வெளிக்கிட்டு நிக்கிறா. நீ ஒவ்வொரு நாளும் கூப்பிட்டு மறிக்கிறாய்."

எனக்கு வந்த கோவம்! "உங்கட வழக்கம் உங்களோட, எங்கட வழக்கம் எங்களோட. நான் என்ர அம்மாவை மறிக்கிறனோ? என்னைத்தான் மறிச்சு வச்சிருக்கிறாங்கள்!" எண்டன். அவ திரும்பிப் போயிட்டா.

அடுத்த நாள் திருப்பி வந்தா, கையில இந்தச் சீலையோட. பாருங்கோ, நீலப் பூப் போட்டது. அன்ரியின்ர வீட்டு யன்னல்சீலை. ஆஸ்பத்திரி அதுவரைக்கும் படத்தைக் கறுத்தப் பிளாஸ்ரிக்கால மூடி வச்சிருந்தது, குப்பைப் பை மாதிரி. என்னைக் கூட்டிக்கொண்டு முன் மண்டபத்துக்கு வந்து சொன்னா, "மற்றத் தலைப்பைப் பிடி."

பிடிச்சன். ரண்டு பேருமாப் போட்டம். மேல கொழுவேக்க அந்த ஓரத்து அரை வட்டம் தெரிஞ்சது. கேட்டன், ஏன் என்னை மட்டும் முதுகு காட்ட வச்சவ எண்டு. கேலீன் என்னைப் பாத்தா, உனக்கு இதுவும் தெரியாதோ எண்டு ஒரு பார்வை. "எல்லாரும் தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தா, வாறது போறதை ஆர் பாக்கிறது? ஒரு ஆள் வெளியப் பாத்துக்கொண்டு இருந்தாத்தான் மற்றவைக்கு நித்திரை வரும்." சொல்லிப்போட்டு நேர ஹெதரிட்டப் போய், சீலை இருக்கும்வரைக்கும் இந்த இடத்தில பராதான் இருக்க வேணும், குடும்பம் கேக்குது எண்டிட்டா. அப்பிடித்தான் என்ர கதிரைக்குத் திரும்பி வந்தன்.

எண்டாலும் தம்பி, அவ்வளவு ஓரத்தில வச்சிருக்கத் தேவையில்லை. கொஞ்சம் கிட்ட வச்சிருக்கலாம்.

அஞ்சு மாசம் ஆச்சு. எப்ப எடுப்பினமெண்டு தெரியாது. மெல்பேணில மச்சான் முறையான ஒருத்தன் வேலை எடுத்து வச்சுக்கொண்டு வா வா எண்டு நிக்கிறான். அங்க கோயில் இருக்கு, தமிழ்க் கடை இருக்கு, முருங்கைக்காய் எல்லாம் வாங்கலாமாம். எனக்கும் இந்த டவுனில என்ன கிடக்கு? இருந்தாலும் பஸ் விடிய நாலு மணிக்கு. அதோட இதை ஆர் பாக்கிறது? போன கிழமை ஒரு சின்னப் பிள்ளை சீலைக்குக் கீழால புகப் பாத்தது. ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் தூக்கத்தான் பாக்கும். இண்டைக்கு நீங்கள். இஞ்ச நான் கட்டுப்பட்டுப்போய் நிக்கிறன் தம்பி, வேற ஒண்டுமில்லை. விட்டா நாளைக்கே ஏறிடுவன்.

வீடியோவோ? ஃபோன் பழுதாப்போச்சு. சரி, உங்களுக்கென்ன பொய், பழுதாகேல்லை. பாக்கிறேல்லை. அதில நான் ஒண்டும் நம்பிறதில்லை, அது அவையின்ர வழக்கம். சும்மா, அம்மாவுக்கும் கால் நோகும் எல்லே, திரும்பித் திரும்பி நிண்டா. முழங்கால் வருத்தக்காரி.

அந்தா, உங்களைத்தான் கூப்பிடினம். எழும்புங்கோ, போங்கோ. சிரிச்சுக்கொண்டுதானே கூப்பிடுறாள், அப்ப எல்லாம் சுகம். நீங்கள் நியாயம் சொல்லவே இல்லை. பரவாயில்லை, போங்கோ.

என்ன? அன்ரியின்ர பேரோ? தம்பி, இவ்வளவு நேரம் கதைச்சனே, ஒருக்கா எண்டாலும் சொன்னனானோ? சீலை எடுக்கட்டும். எடுத்தாப் பிறகு வாங்கோ, மண்டபம் அதிரச் சொல்லுறன்.

அம்மாவின்ர பேரையும் கேக்காதேங்கோ.

ஓடுங்கோ, மனுசி பாத்துக்கொண்டு கிடக்கப்போறா. பிள்ளை பிறந்தா நல்ல பேரா ஒண்டு வையுங்கோ, வச்ச கையோட இஞ்ச கொண்டந்து எனக்குக் காட்டுங்கோ. நான் எங்க போகப்போறன், இந்தக் கதிரையிலதான் இருப்பன். வாய் நிறைய ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கன நாளாச்சு.